காலிக் கட்டம்

பாகலூர்,
7 ஜனவரி 2024

அன்புள்ள மருமகள் வினிதாவுக்கு மாமா தீர்த்தகிரி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, சினையாய் நிற்கும் செவலைப் பசு, ஷெட்டுக்குள் இருக்கும் ரோஜாச் செடிகள் எல்லோரும் அமோக சுகம். டப்ளினில் உன் சுகத்துக்கு எழுதவும். குளிர் அதிகம் என்றால் சொல், இங்கே வீணாகிற வெயிலைக் கொஞ்சம் பார்சல் கட்டுகிறேன்.

மாமாவுக்கு மெயில் எல்லாம் வருமா என்று ஆச்சரியப்படாதே. தமிழ் டைப்பிங்கை இரண்டே நாளில் பிடித்துவிட்டேன். சொல்லிக்கொடுத்த பிரவுசிங் சென்டர்காரர், "என் சர்வீஸ்ல இப்படி ஒரு கையைப் பார்த்ததில்லைங்க" என்று சீட்டை விட்டே எழுந்துவிட்டார். ஒன்பதாவதோடு நான் படிப்பை நிறுத்தியது பள்ளிக்கூடத்துக்குத்தான் நஷ்டம். போனிலும் சொல்லலாம்தான். போனை எடுத்தால் உன் அம்மா பக்கத்தில் நின்று, "பாப்பா எப்ப வர்றா, அதைக் கேளு" என்று குறுக்கே விழுவாள். நீயும் அந்த நேரம் பார்த்து லைன் சரியில்லை என்பாய். ஆகவே எழுத்து.

விஷயம் இதுதான். உன் அப்பா காலமான வருஷமே நீ போர்வெல் தொட்டியில் ஒரு உப்பு மீட்டர் பொருத்திவிட்டுப் போனாயே, அது மணிக்கு ஒரு தரம் தண்ணீரை அளந்து நடு அறைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. மூன்று வருஷமாக அந்தப் பெட்டியைக் குழந்தை மாதிரி துடைத்துப் பார்த்துக்கொள்வது யார்? நான். புத்தாண்டு அன்று அதில் ஒரு சிவப்புச் சதுரம் வந்து நின்றது. லைசென்ஸ் முடிகிறதாம். மார்ச் கழிந்தால் பணம் கட்டினால்தான் திறப்பானாம். அவன் கேட்கும் தொகைக்கு இன்னொரு பசு வாங்கலாம்.

கிருஷ்ணகிரியில் நம் மனுமேல் விசாரணை ஜூலையில். மேட்டுமேல் இருக்கிற முலாம் பூசும் கம்பெனிதான் நம் தண்ணீரைக் கெடுத்தது என்பதற்கு நம்மிடம் உள்ள சாட்சி அந்தப் பெட்டி ஒன்றுதான். அது வாயைத் திறந்தால் கம்பெனி கழிவை நிறுத்தி நமக்கு நல்ல தண்ணீருக்கு வழி பண்ண வேண்டும். திறக்காவிட்டால் ரோஜா போச்சு. ரோஜா இல்லாத ரெண்டு ஏக்கரில் உன் அம்மாவுக்கு என்ன வேலை? ஆனால் தோற்கிற பேச்சே என் ஜாதகத்தில் கிடையாது.

அக்காவுக்குக் கையில் லேசாக அரிப்பு. ரோஜா முள் என்கிறேன் நான். தண்ணீர் என்கிறாள் அவள். வேறொன்றுமில்லை.

என்றும் உன் நலம் நாடும் மாமா,
தீர்த்தகிரி

டப்ளின்,
14 ஜனவரி 2024

அன்புள்ள மாமாவுக்கு வினிதா வணக்கம். நான் சுகம். எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்து சொல்லுங்கள்.

அந்த சாஃப்ட்வேர் ஒரு தனியார் கம்பெனியுடையது. அப்போது பெங்களூர் ஆபீசில் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான், அதையே வீட்டிலும் போட்டுவிட்டேன். இனி அவர்களுக்குப் பணம் கட்ட வேண்டாம். போஸ்ட்கிரெஸ் என்று ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறது. இலவசம். உலகம் முழுக்கப் பல பேர் சேர்ந்து எழுதியது. பழையது பூட்டுப் போட்ட கிணறு என்றால் இது ஊர்க் கிணறு. யாரும் இறைக்கலாம், தேவைப்பட்டால் இறங்கித் தூரும் வாரலாம், ஏன் என்று கேட்க ஆளில்லை.

செகண்ட் ஹேண்டில் ஒரு கம்ப்யூட்டர் வாங்குங்கள். என்னென்ன அடிக்க வேண்டும் என்று வரி வரியாக எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன், அப்படியே அடித்தால் போதும். பழைய பெட்டியில் உள்ளது எல்லாம் புதியதற்குப் போய்விடும். வேலை முடிகிறவரை பழையதைத் தொடாதீர்கள்.

ஊருக்கு வருவது பற்றி இப்போது சொல்ல முடியவில்லை. அம்மா கையை டாக்டரிடம் காட்டுங்கள்.

அன்புடன்,
வினிதா

பாகலூர்,
11 பிப்ரவரி 2024

அன்புள்ள மருமகளுக்கு மாமாவின் ஆசி. இங்கே எல்லோரும் சுகம், பசு மட்டும் என்னை விட்டுப் பிரிய மாட்டேன் என்கிறது. உன் சுகம் நாடுகிறேன்.

கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. ஓசூரில் கேட்ட விலை பிடிக்காமல், பார்டர் தாண்டி அத்திப்பள்ளிக்கே பஸ் ஏறிவிட்டேன். கடைக்காரன், "தகொள்ளி சார், ஒள்ளே பீஸு" என்று, நல்ல சரக்கு என்று சொல்லி, தலையில் கட்டப் பார்த்தான். நான் கன்னடத்தில் ஆரம்பித்ததும் ஆள் அசந்துவிட்டான். மண்டியாப் பக்கத்து கவுடர் என்று நினைத்து காபி வாங்கிக் கொடுத்துப் பாதி விலைக்குத் தந்தான். பாதி என்றால் பாதிக்குச் சற்று மேல்.

சாஃப்ட்வேர் இலவசம் என்றதும் உன் அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"சும்மா குடுக்கறவன் எவன்டா தீர்த்தா? பொறவு வந்து வீட்டை எழுதிக் கேப்பான் பாரு."

"அக்கா, இது ஊர்க் கிணறு மாதிரி. பாப்பாவே சொல்லியிருக்கா. யார் வேணா எறைக்கலாம், யார் வேணா தூர் வாரலாம்."

"ஊர்க் கெணத்தைத்தான்டா எவனும் தூர் வாராம குப்பையக் கொட்டி வெச்சிருக்கானுங்க."

அவளோடு பேசி ஜெயிக்க உன் அப்பாவாலேயே முடியவில்லை.

நீ எழுதிய வரிகளை ஒரு புள்ளி பிசகாமல் அடித்தேன். பெட்டி கடகடவென்று ஓடியது. திடீரென்று நின்றது. மறுபடி அடித்தேன், அதே இடத்தில் மறுபடி நின்றது. என்ன என்று ஆராய்ந்ததில் நான் கண்டுபிடித்தது: கரண்ட் போனால் தொட்டி மீட்டர் நின்றுவிடும். உள்ளே இருக்கிற கம்ப்யூட்டருக்கு மட்டும் நீ தனியாகப் பேட்டரி வைத்திருக்கிறாய். அதனால் அந்த மணிக்கு எண் வராமல் ஒரு காலிக் கட்டம் போட்டு வைத்திருக்கிறது. பழையவன் அதைப் பொறுத்துக்கொண்டு போயிருக்கிறான். புதியவன் ரொம்பக் கண்டிப்பு. காலிக் கட்டத்தைப் பார்த்தாலே உள்ளே விடமாட்டேன் என்கிறான். நம் ஊர் கரண்ட் உனக்குத் தெரியுமே, காலிக் கட்டம் ஒன்றா இரண்டா! என்ன செய்யட்டும்? உடனே எழுது.

ரோஜாவில் மொட்டு நிறைய. காதலர் தினத்துக்கு நம் பூ துபாய்க்கே போகிறது என்று பேசிக்கொள்கிறார்கள். இலை ஓரம் கொஞ்சம் கருகுகிறது, அது வெயில்.

மாமா,
தீர்த்தகிரி

டப்ளின்,
13 பிப்ரவரி 2024

மாமா, சுகம்தானே? எனக்கு இங்கே தலைக்குமேல் வேலை, இந்த வாரம் தூக்கமே இல்லை.

அந்தக் காலிக் கட்டங்களைச் சரி பண்ணிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பழையதிலும் புதியதிலும் மொத்த எண்ணிக்கை ஒன்றாக வந்தால் வேலை முடிந்தது.

வினிதா

பாகலூர்,
17 மார்ச் 2024

அன்புள்ள மருமகளுக்கு மாமாவின் அநேக ஆசிகள். இங்கே நான் சுகம், அக்கா சுகம், பசு ஆளைவிடச் சுகம், ஏனென்றால் கன்று போட்டுவிட்டது. கிடாரி. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. சுட்டி இருந்தால் வீட்டுக்கு யோகம் என்று டாக்டரே சொன்னார். கால்நடை டாக்டர். பிரசவம் சிக்கலாகி அவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது நான்தான் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினேன். இப்போது ஊரில் எந்த மாட்டுக்கு வலி கண்டாலும் முதல் போன் எனக்கு, அப்புறம்தான் அவருக்கு.

காதலர் தினத்துக்குப் பூ போனது. துபாய் போனதா, பெங்களூர் கே.ஆர். மார்க்கெட்டோடு நின்றதா என்று வண்டிக்காரன் சொல்ல மறுக்கிறான். ஓசூர் மலைக்கோயில் தேருக்கு இந்த வருஷம் அலங்காரப் பூ நம்மிடம் கேட்டாலும் கேட்பார்கள். அப்படிக் கேட்டால் பணம் வாங்கக் கூடாது என்று முடிவு பண்ணியிருக்கிறேன். கேட்கவில்லை என்பது வேறு விஷயம். எதிர்வீட்டு முனிவேல் மகனுக்கு உன் ஆபீசிலேயே வேலை வாங்கித் தருவாய் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன், கோபிக்காதே. விசாரணைக்கு நீ விமானத்தில் வந்து இறங்கப்போகிறாய் என்றும் ஊரில் ஒரு பேச்சு. கிளப்பியது யார் என்று தெரியவில்லை.

சரி, நம் வேலைக்கு வருகிறேன். முடிந்தது! பழையதிலும் புதியதிலும் எண்ணிக்கை கடைசி வரைக்கும் ஒன்று.

எப்படி என்று கேள். நான் சிப்காட்டில் கியர் கம்பெனியில் இருபது வருஷம் குப்பை கொட்டியவன். அங்கே ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் ஒரு செக் ஷீட் தொங்கும். ஆயில் எவ்வளவு, சூடு எவ்வளவு என்று மணிக்கு ஒரு தரம் எழுத வேண்டும். வேலை நேரத்தில் எவன் எழுதுவான்? ஆடிட் வருகிறது என்றால் முந்தின நாள் சூப்பர்வைசர் நாலு பேனாவோடு என்னைத்தான் தேடி வருவார். "தீர்த்தகிரி, ஒரு கட்டம் காலியா இருக்கக் கூடாதுப்பா. காலியா இருந்தாத்தான் அவன் கேள்வி கேப்பான்." மற்றவன் நிரப்பினால் ஒரே எண்ணாக வரிசை கட்டும். நான் நிரப்பினால் ஏறும், இறங்கும், மதிய ஷிப்டில் கொஞ்சம் சூடு கூடும். அங்கங்கே கிரீஸ் விரலை வைத்து எடுப்பேன். வெளியூர் ஆடிட்டர் ஒருத்தர் என் ஷீட்டைப் பார்த்து, இந்தியாவிலேயே இந்த லைன்தான் லைன் என்று கை குலுக்கினார்.

அந்தக் கை இன்னும் மறக்கவில்லை பாப்பா. நீ சொன்னபடி பழையதைத் தொடாமல், புதியதற்குப் போகிற கணக்கில் அத்தனை காலிக் கட்டத்தையும் நானே உட்கார்ந்து நிரப்பினேன். முன் எண்ணைப் பார்ப்பேன், பின் எண்ணைப் பார்ப்பேன், அதற்குத் தக்கபடி ஒன்று போடுவேன். கம்பெனிக்காரன் கரண்ட் இல்லாத நேரமாகப் பார்த்துத்தானே கழிவைத் திறந்து விடுவான்? அதனால் அந்த மணிகளில் கொஞ்சம் தாராளமாகவே போட்டேன். நீ சொன்னாயே, யாரும் தூர் வாரலாம் என்று. வாரிவிட்டேன்.

வேலை முடிந்தபின் பழைய பெட்டி எதற்கு? புது வீட்டில் பால் காய்ச்சியவன் பழைய வீட்டுச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டா திரிவான்? அத்திப்பள்ளிக்காரனிடமே அதைத் தள்ளி, மேலே கொஞ்சம் போட்டு, பெரிய பேட்டரி ஒன்று வாங்கித் தொட்டி மீட்டருக்கு மாட்டிவிட்டேன். பில்லைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். இனி கரண்ட் போனாலும் ஒரு கட்டம் காலியாகாது. உன் மாமா ஒரு வேலையைத் தொட்டால் இப்படித்தான்.

பெருமையுடன்,
தீர்த்தகிரி

டப்ளின்,
3 ஏப்ரல் 2024

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம். உங்கள் நீளமான கடிதம் கிடைத்தது. பசு கன்று போட்டதில் சந்தோஷம். முனிவேல் மகன் விஷயத்தில் எனக்கு எந்தச் செல்வாக்கும் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

மீதியை ஆற அமரப் படிக்கிறேன். எண்ணிக்கை ஒன்றாக வந்துவிட்டதல்லவா, அது போதும். அப்படியே அச்சடித்து வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள். நல்ல வேலை செய்தீர்கள் மாமா.

ஜூலையில் லீவு கிடைக்காது. அம்மாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள்.

வினிதா

பாகலூர்,
14 ஜூலை 2024

அன்புள்ள மருமகளுக்கு மாமா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். சுகத்துக்கு என்ன குறைச்சல்.

வியாழக்கிழமை விசாரணை நடந்தது. நான் வெள்ளை வேட்டியில் போய் இறங்கியதும் வாசலில் நின்ற போலீஸ்காரர் சல்யூட் வைக்கக் கை தூக்கினார், அப்புறம் தலையைச் சொறிந்துகொண்டார். நம் பக்கம் ஒரு கட்டு காகிதம், மூன்று வருஷத் தண்ணீர். அதைப் பார்த்ததும் கம்பெனி வக்கீல் முகம் செத்துவிட்டது. சின்ன வயசு, கண்ணாடி போட்டவர். என்னை எழுப்பினார்.

"ஐயா, இந்தக் கணக்கை நீங்கதானே பாத்துக்கிறீங்க?"

"நானேதான்."

"நல்லா மெயின்டெய்ன் பண்ணியிருக்கீங்க. ஒரு மணி நேரம்கூட விடுபடலையே."

"நம்மகிட்ட விடுபடுற பேச்சே கிடையாதுங்க."

"கரண்ட் போனா?"

"போகட்டுமே! நம்ம மீட்டர் நிக்காது. பேட்டரி வெச்சிருக்கேன்."

"பில்லு இருக்கா?"

கேட்பார் என்று தெரிந்தே சட்டைப் பையில் வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை மேசையில் வைத்தார். பிறகு தன் பைக்குள்ளிருந்து பேப்பர் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அதன் பக்கத்தில் அடுக்கினார். எல்லாம் பழைய நாளிதழ். நாளை பாகலூர் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்சாரம் இருக்காது. போன வருஷம், அதற்கு முந்தின வருஷம், மாசா மாசம். ஒவ்வொரு துண்டுக்கும் நேரே நம் காகிதத்தில் அந்த நாளைத் தேடிக் கோடு போட்டார். அன்றைக்கெல்லாம் நம் மீட்டர் எழுதியிருக்கிறது. மற்ற நாளைவிட நன்றாகவே எழுதியிருக்கிறது.

"பேட்டரி வாங்கினது இந்த மார்ச்சுல. அதுக்கு முன்னாடி கரண்ட் இல்லாத நாள்ல இந்த எண்ணெல்லாம் யாருங்கய்யா போட்டது?"

அதிகாரி பில்லையும் துண்டுகளையும் வெகுநேரம் பார்த்தார். நம் ஆவணத்தை ஒரு பெரிய அதிகாரி அவ்வளவு நேரம் கையில் வைத்திருந்தது சாதாரண விஷயமில்லை. பிறகு கட்டு முழுவதையும் மூடி, இது எதையும் ஏற்க முடியாது என்று எழுதச் சொன்னார். வேறு சாட்சி இல்லாததால் மனுவும் தள்ளுபடி. ஆனால் இதெல்லாம் முதல் சுற்று. யானையே ஒரு அடி பின்னால் வைத்துத்தான் பாயும்.

பஸ்ஸில் அக்கா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்தாள். சூளகிரி தாண்டியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ மட்டும் இல்லைன்னா எனக்கு யாருடா தீர்த்தா" என்றாள். எனக்கே கண் கலங்கிவிட்டது.

உன் சுகத்துக்கு எழுதவும்.

தீர்த்தகிரி

டப்ளின்,
18 ஜூலை 2024

மாமா,

உங்கள் மார்ச் மாதக் கடிதத்தை இன்றைக்குத்தான் கடைசி வரை படித்தேன்.

அந்தத் தண்ணீரில் உண்மையாகவே உப்பு ஏறியிருந்தது. கம்பெனி வந்த பிறகு ஒவ்வொரு மாதமும் ஏறியது. மீட்டர் எழுதிய எண்கள் போதும், நாம் ஜெயித்திருப்போம். கரண்ட் இல்லாதபோது அது பேசாமல் இருந்தது என்பதால்தான் மற்ற நேரத்தில் அது பேசியதை ஒருவர் நம்ப முடியும். நீங்கள் அதற்கும் சேர்த்துப் பேசிவிட்டீர்கள். இப்போது எது மீட்டர் போட்டது, எது நீங்கள் போட்டது என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை.

அத்திப்பள்ளிக் கடைக்கு இங்கிருந்து போன் செய்தேன். "அதெல்லா ஆவாக்லே க்ளீன் மாடிபிட்வி மேடம்" என்றார். அன்றைக்கே துடைத்துவிட்டார்களாம்.

என் பங்கையும் எழுதிவிடுகிறேன். புதிய பெட்டி காலிக் கட்டத்தை மறுத்தது அதன் குணத்தால் இல்லை. நான் எழுதிக் கொடுத்ததில் ஒரு வரி அப்படி இருந்தது. அந்த ஒரு வரியை எடுக்கச் சொல்லியிருந்தால் போதும். எனக்கு நேரமில்லை, சரி பண்ணுங்கள் என்று எழுதினேன். இங்கே ஒரு காப்பியாவது எடுத்து வைத்திருக்க வேண்டும். நான் சம்பளம் வாங்குவதே அந்த வேலைக்குத்தான். ஊர் பெயர் வந்த எதையும் திறந்து பார்க்கக் கூடாது என்று இருந்தேன், அதனால் எடுக்கவில்லை.

ஆனாலும் மாமா, ஒரு கட்டத்தைக்கூடச் சும்மா விட உங்களால் முடியாதா?

இதற்குப் பதில் வேண்டாம்.

வினிதா

பாகலூர்,
8 செப்டம்பர் 2024

அன்புள்ள மருமகளுக்கு மாமாவின் ஆசி. பதில் வேண்டாம் என்று எழுதியிருந்தாய். இது பதில் இல்லை, தனிக் கடிதம். இங்கே எல்லோரும் அமோக சுகம்.

ரோஜாவை நாங்களாகவே பிடுங்கிவிட்டோம். ரோஜா பழைய பேஷன். மேட்டுக் கம்பெனிக்காரர்களே இறங்கி வந்து நிலத்தை விலைக்குக் கேட்கிறார்கள், லாரி நிறுத்த இடம் வேண்டுமாம். யார் யாரைத் தேடி வந்தது பார்த்தாயா? அக்கா நாற்காலி போட்டு ராஜாத்தி மாதிரி உட்கார்ந்து, "யோசிச்சுச் சொல்றேன், போங்க" என்று அனுப்பிவிட்டாள். அவர்கள் வாசலில் செருப்பைத் தேடிய வேகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

அவள் கை குணமாகி மல்லிகை மொட்டு மாதிரி ஆகிவிட்டது. உன்மேல் அவளுக்குக் கோபம் இல்லை. என்மேலும் இல்லை. நேற்று ராகிக் களியை உருட்டி என் தட்டில் போட்டுவிட்டு, "நீ செஞ்சது நமக்காகத்தானேடா தீர்த்தா, சாப்புடு" என்றாள். முந்தாநாள், "பாப்பாவுக்கு எழுதுடா, அவ மனசு சங்கடப்படும்" என்றாள். தினம் ஏதாவது சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ரெண்டு பேரும் பேச ஆரம்பித்தால் பக்கத்து வீட்டு நாராயணம்மா, "அக்கா தம்பின்னா உங்களைத்தான் சொல்லணும்" என்று கண் வைக்கிறாள்.

பேட்டரி நன்றாக நிற்கிறது. மீட்டர் ஒரு மணிகூட விடவில்லை.

எப்போது வருகிறாய்?

மாமா,
தீர்த்தகிரி

டப்ளின்,
17 நவம்பர் 2024

மாமாவுக்கு, வினிதா எழுதுவது. நான் சுகம்.

நேற்று அம்மா தானாகவே போன் செய்தாள். எப்போதும் போல, "ம், இருக்கேன்" என்று ஆரம்பித்தாள். மாமா பக்கத்தில் இருக்கிறாரா, கொடு என்றேன்.

"மாட்டுக் கொட்டாய்ல இருப்பான்."

"கூப்பிடேன்."

"நான் கூப்புடறதில்ல பாப்பா. கிருஷ்ணகிரிக்குப் போயிட்டு வந்தப்பறம் அவன்கூட எனக்குப் பேச்சே கெடையாது. தட்டுல போட்டு வெச்சிட்டு நவுந்துருவேன். அவனாப் பேசிக்கிட்டு இருப்பான்."

"சூளகிரி தாண்டிக் கையைப் பிடிச்சியாமே?"

"யாரு? நானா? நான் முன்னாடி சீட்ல தனியால்ல உக்காந்து வந்தேன்."

அவள் அழவில்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

அந்த விசாரணைக்குப் பிறகு நீங்கள் எழுதிய கடிதங்களை எடுத்து மறுபடி படித்தேன். அக்கா சொன்னாள், அக்கா சொன்னாள் என்று எத்தனை இடத்தில் வருகிறது! அவள் பேசாத இடமெல்லாம் நீங்களே போட்டுக்கொண்டது. அதையும் கொஞ்சம் தாராளமாக.

திட்டுவதற்காக எழுதவில்லை மாமா. எனக்கு அங்கே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். நிலம் என்ன ஆயிற்று? அம்மா கை எப்படி இருக்கிறது? என்ன சொல்கிறாள்? மீட்டர் எழுதுவது போல எழுதுங்கள். இல்லாததை விட்டுவிடுங்கள்.

வினிதா

பாகலூர்,
8 டிசம்பர் 2024

வினிதாவுக்கு,

நிலம் போன மாதம் பத்திரமானது. மேட்டுக் கம்பெனி வாங்கியது. அக்கா யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லவில்லை, அவர்கள் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். நாற்காலி அவர்களுடையது. வீடும் கொட்டாயும் தை வரைக்கும் நம்மிடம். அதற்கு மேல் ஓசூரில் பாகலூர் ரோட்டில் ஒரு அறை பார்த்திருக்கிறது. அங்கே மாடு கட்ட இடமில்லை. பசுவையும் கன்றையும் விற்றாயிற்று.

அக்காவுக்கு வலது கை விரல்களில் தோல் உரிந்திருக்கிறது. வளையல் போட முடியவில்லை. நவம்பரில்தான் டாக்டரிடம் போனோம். தண்ணீர் என்றார்.

தொட்டி மீட்டரை இன்னும் கழற்றவில்லை. யாரும் கேட்கப்போவதில்லை, ஆனாலும் ஓடுகிறது. நீ சொன்ன அந்த ஒரு வரியைத் தேடிப் பிடித்து எடுத்துவிட்டேன். இப்போது காலிக் கட்டத்தை ஏற்றுக்கொள்கிறது. பேட்டரியை விற்றுவிட்டேன். செவ்வாய்க்கிழமை பராமரிப்பு என்று கரண்ட் எடுத்தார்கள். அன்றைக்குப் பகல் முழுக்கக் கட்டம் காலி. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கை வைக்கவில்லை.

அக்கா என்ன சொல்கிறாள் என்று கேட்டிருந்தாய். அக்கா சொன்னது:



உன் சுகத்துக்கு எழுதவும்.

தீர்த்தகிரி